பெரிம்மா வச்ச பூசை

யார் மேலயாவது கோவம் வந்தா நம்மள மாதிரி ஆளுங்க வாயத் தெறந்து நாலு வார்த்த திட்டுவோம். அதோட ஆறிப்போயிடும். எங்க எதிர்வூட்டுப் பெரிம்மாவுக்குக் கோவம் வந்தா பூசை வைப்பாங்க.

வெளியாளுங்களுக்கு இது புரியாது, சொல்லிடறேன். எங்க கத்தோலிக்கக் கோயில்ல பூசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, இன்னிக்கு இந்தப் பூசை யாருக்காக, எதுக்காகன்னு ஒரு லிஸ்ட் படிப்பாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, பரீட்ச எழுதுறவங்க, கல்யாண நாள் கொண்டாடுறவங்க, செத்துப்போனவங்கன்னு எங்க பங்கு, அதாவது எங்க கோயிலச் சேந்த ஜனங்க, எல்லாரும் அதுல வருவாங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, கோயில் வேலையெல்லாம் பாத்துக்கிற உபதேசியார் கிட்ட குடுத்துட்டா போதும். மைக்குல வந்துடும். யாரும் சரிபாக்குறதில்ல. சாமி முன்னாடி எவ பொய் எழுதப்போறான்னு ஒரு நம்பிக்கை.

நான் பன்னெண்டாவதுல கணக்குல ஃபெயில். ரிசல்ட் வந்த மறுநாளே பெரிம்மா ஒரு டப்பா ரவா உருண்டையோட வந்தாங்க. "அழுவாத கண்ணு. ஞாயித்துக்கெழம ரோசிக்காக பூசை சொல்லியிருக்கேன்"னாங்க. எங்கம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஞாயித்துக்கெழம கோயில் நெறஞ்ச கூட்டம். உபதேசியார் தொண்டையச் செருமிட்டு மைக்குல படிக்கிறாரு: "எங்கள் பங்கைச் சேர்ந்த ரோசியின் மந்த புத்தி நீங்கவும், சோம்பல் ஒழியவும்." பாடல் குழு மொத்தமும் திரும்பி என்னப் பாத்துச்சு. ஆர்மோனியம் வாசிக்கிறவர் கூட எட்டிப் பாத்தாரு. பெரிம்மா முன் பெஞ்சுல கண்ண மூடிக்கிட்டு எனக்காக உருகி வேண்டிக்கிட்டு இருந்தாங்க. அந்த ரவா உருண்டையத் துப்பிடலாமான்னு இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள ஒம்பது உள்ள போயிருச்சு.

அவங்க பேர நான் இங்க எழுத மாட்டேன். எழுதுனா அதுக்கும் ஒரு பூசை வருமோன்னு இன்னும் பயம். தெருவுக்கே அவங்க பெரிம்மா. இப்ப வூட்ட வித்துட்டு, வேலூர்ப் பக்கம் சிஸ்டருங்க நடத்துற ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்கன்னு கேள்வி. அங்க இருக்குற கெழவிங்க பாவம்.

பொம்பள பாக்க எப்படி இருப்பாங்க தெரியுமா? ஒல்லியா, வெள்ளப் பூப்போட்ட வாயில் பொடவையில, கழுத்துல மாதா உருவம் போட்ட ஒரு சின்ன சுரூபத்தோட, அவ்ளோ லட்சணமா இருப்பாங்க. குரல் அவ்வளவு சன்னம். பால்காரன் தண்ணி கலந்தாக் கூட, "தம்பி, உங்க வூட்ல எல்லாரும் சொகமா? பாலுதான் கொஞ்சம் சொகமில்லாம இருக்குது"ன்னுதான் சொல்லுவாங்க. புருசன் சின்ன வயசுலயே போய்ட்டாரு. திருப்பத்தூர்லேருந்து கம்பெனி பஸ் ஏறி வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போயி இருபத்தஞ்சு வருசம் வேல பாத்தாங்க. செக்கிங் வேல. வர்ற ஒவ்வொரு ஷூவையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, எங்க தையல் பிசகியிருக்கோ அங்க ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் தனியா வைக்கணும். அந்தக் கண்ணு வூட்டுக்கு வந்தாலும் வேலய நிறுத்தல.

எங்க தெருக் கோடியில ஒரு கொத்தனார் குடிப்பாரு. கொஞ்சமாத்தான். அவங்க வூட்ல ஒரு நாள் அன்பியக் கூட்டம். அன்பியம்னா பத்துப் பதினஞ்சு குடும்பம் சேந்து மாசத்துக்கு ஒரு வூட்ல செபம் பண்றது. அவரு உள் ரூம்புல படுத்திருந்தாரு. மன்றாட்டு நேரம் வந்ததும் பெரிம்மா எழுந்தாங்க. "ஆண்டவரே, இந்த வூட்டுத் தலைவர் போன செவ்வாக்கெழம சாக்கடையில உழுந்தாரே, வேட்டி அவுந்து கெடந்தாரே, சின்னப் பொண்ணு போயித் தூக்கிட்டு வந்துச்சே, அந்தப் பொண்ணுக்கு அந்த ஞாபகம் மறக்கணும்னு உம்மை மன்றாடுகிறோம்." எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு பதில் சொன்னாங்க. நானும் சொன்னேன். அந்த மனுசன் அதுக்கப்பறம் குடிய விட்டுட்டாரு, அது வாஸ்தவம். கோயிலையும் விட்டுட்டாரு. மக கிட்ட பேசுறதயும் விட்டுட்டாரு. பெரிம்மாவக் கேட்டா, பேய் வெளிய போயிடுச்சுன்னு சொல்லுவாங்க.

இதையெல்லாம் சொல்லிட்டு இன்னொண்ண மறைச்சா நான் மனுசியே இல்ல. எங்கம்மாவுக்கு மஞ்சக் காமால வந்து கெடந்தப்ப சொந்தக்காரங்க ஒருத்தர் கூட எட்டிப் பாக்கல. பெரிம்மா பதினெட்டு நாள் விடியக்கால எழுந்து கீழாநெல்லி பறிச்சு, அரச்சு, மோர்ல கலக்கி எடுத்துட்டு வந்தாங்க. எங்கம்மாவோட வாந்தியக் கையால அள்ளுனாங்க. அள்ளிக்கிட்டே, "போன வருசம் என்னப் பத்தி பக்கத்து வூட்டு லில்லி கிட்ட நீ பேசுனியே, அந்தக் கசப்புதான் கல்லீரல்ல எறங்கியிருக்கு. நான் மன்னிச்சிட்டேன், ஆண்டவரும் மன்னிப்பாரு"ன்னு காதோரமா சொல்லுவாங்க. எங்கம்மா பொழச்சிடுச்சு. பெரிம்மாவப் பாத்தா எழுந்து நிக்கிற பழக்கம் மட்டும் சாகுற வரைக்கும் போகல.

பெரிம்மாவுக்கு ஒரே பொண்ணு, ஸ்டெல்லா மேரி. எனக்கு ஒண்ணாவதுலேருந்து தோழி. அவள அப்படி வளத்தாங்க. ஏழு வயசுலயே முக்காலி மேல நிக்க வச்சு, கோயில்ல பைபிள் வாசகம் படிக்கப் பழக்குனாங்க. எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எடத்துல மூச்சு வாங்கணும், எங்க தல நிமிந்து ஜனங்களப் பாக்கணும், எல்லாம் வூட்ல ஒத்திக. ஸ்டெல்லா படிக்கும்போது பெரிம்மா முன் பெஞ்சுல உக்காந்து அழுவாங்க. அவங்க அழுது நான் பாத்தது அது ஒண்ணுக்குத்தான்.

ஸ்டெல்லா நர்சு படிச்சா. ஜவ்வாது மலையில ஆஸ்பத்திரி வேல கெடச்சுது. ரெண்டு வருசத்துல, அங்க ஷேர் ஜீப் ஓட்டுற வெங்கடேசன்னு ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. மலையிலயே பொறந்து வளந்தவரு, சாமையும் புளியும் விளைய வைக்கிற குடும்பம், நல்ல மனுசன். ஆனா வேற சாமி, வேற சாதி. ரிஜிஸ்டர் கல்யாணம். அம்மாவுக்கு லெட்டர் போட்டா.

பெரிம்மா லெட்டரப் படிச்சாங்க. மடிச்சு வச்சாங்க. கொடியில காஞ்ச துணியெல்லாம் எடுத்து மடிச்சாங்க. அப்பறம் கோயிலுக்குப் போயி சீட்டு குடுத்துட்டு வந்தாங்க. அந்த ஞாயித்துக்கெழம லிஸ்டுல வந்துச்சு: "இறந்த ஸ்டெல்லா மேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர், தாயார்."

கோயிலே ஆடிப்போச்சு. பூசை முடிஞ்சதும் பொம்பளைங்க மார்ல அடிச்சிக்கிட்டு எதிர்வூட்டுக்கு ஓடுனாங்க. நானும் ஓடுனேன், செருப்பு கூட போடல. உள்ள பெரிம்மா எல்லாருக்கும் டம்ளர்ல காப்பி ஊத்திக்கிட்டு இருக்காங்க. "எப்படிம்மா ஆச்சு?"ன்னு ஒருத்தி கதறுனா. பெரிம்மா சொன்னாங்க, "அவ கஷ்டப்படல. எனக்குத்தான் கஷ்டம். சக்கர போதுமா பாரு." எனக்கு லெட்டர் விஷயம் தெரியும். மத்தவங்களுக்கும் கொஞ்ச நேரத்துல வெளங்கிடுச்சு. ஒருத்தரும், "உயிரோட இருக்கிற புள்ளைக்கு இன்னா காரியம் பண்ற நீ?"ன்னு கேக்கல. காப்பியக் குடிச்சிட்டு எழுந்து வந்தோம். நானும் குடிச்சேன். அத நெனச்சா இப்பவும் எனக்கு என் மேலயே எரியுது.

அதுலேருந்து வருசா வருசம் அதே நாள் பூசை. நவம்பர்ல கல்லறைத் திருநாள் வந்தா, அவங்கவங்க குடும்பக் கல்லறையக் கழுவிப் பூ போட்டு மெழுகுத்திரி ஏத்துவோம். கல்லறை வேற ஊர்ல இருக்குறவங்க நடுவுல இருக்குற பெரிய சிலுவைகிட்ட ஏத்துவாங்க. பெரிம்மா புருசன் கல்லறையில ஒண்ணு ஏத்திட்டு, நேரா வந்து பெரிய சிலுவைகிட்ட ஒண்ணு ஏத்துவாங்க. காத்துல அணைஞ்சா உக்காந்து திரும்பத் திரும்பப் பத்த வைப்பாங்க. நாலு வருசம் இப்படி.

அஞ்சாவது வருசம் ஆடி மாசம் ஸ்டெல்லா எனக்கு ஃபோன் பண்ணா. ஏழாவது மாசம் நடக்குதுன்னா. மொதப் புள்ள ரெண்டு வருசத்துக்கு முன்னால எட்டாம் மாசத்துல வயித்துலயே போயிருந்துச்சு.

"ரோசி, எங்கம்மா என்ன ஏத்துக்க வேணாம். வூட்டுக்குள்ள விட வேணாம். நான் செத்துட்டேன்னு பூசை வைக்கிறத மட்டும் நிறுத்தச் சொல்லுடி."

"நீ நர்சுடி. நீயே இதெல்லாம் நம்புறியா?"

"நம்பல. எத்தினி பேருக்குப் பிரசவம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆனா மொதல்து போன அன்னிக்கி தேதியப் பாத்தேன். எங்கம்மா பூசை வச்சு நாலு நாள். அதுலேருந்து மனசு அடங்க மாட்டேங்குது. இந்தப் புள்ளையும் போய்ட்டா நான் தாங்க மாட்டேன்."

நேர்ல போயிச் சொன்னா பெரிம்மா கேக்கவா போறாங்க? சொன்ன வாய்க்கு ஒரு பூசை வரும். அப்பறம் ஸ்டெல்லாவே ஒரு வழி சொன்னா. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், அவ புருசன் ஊர்லயே, பத்து இருவது கத்தோலிக்கக் குடும்பத்துக்காகப் புதுசா ஒரு சின்னக் கோயில் கட்டி மந்திரிச்சுத் தெறந்திருக்காங்க. அங்க ஞாயித்துக்கெழம லிஸ்ட்டும் வாசகமும் படிக்கிறது இவதான். "அம்மாவக் கூட்டிட்டு வா. நான் படிக்கிறதக் கேட்டா அம்மா அழுவாங்க. வயித்தையும் பாப்பாங்க. அப்பறம் எப்படி அந்தச் சீட்ட எழுதுவாங்க?"ன்னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

பெரிம்மாவக் கெளப்புறது சுலபம். எங்க ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோயில்ல மொத தடவ கால் வச்சா மூணு வேண்டுதல் கேக்கலாம், ஆண்டவர் தட்ட மாட்டாருன்னு சொல்லுவாங்க. நாங்க வேலை, வூடு, புள்ளன்னு கேட்டுட்டு வருவோம். பெரிம்மா தனக்குன்னு ஒண்ணுமே கேக்க மாட்டாங்க, எல்லாம் அடுத்தவங்களுக்குத்தான். புதுக் கோயில் எங்க கட்டுனாலும் பஸ் ஏறிடுவாங்க. ஒரு தடவ வந்து, "உங்க சின்ன மாமியார் திமிர் அடங்கணும்னு கேட்டுட்டு வந்தேன் ரோசி"ன்னாங்க. அடுத்த மாசமே அந்தம்மாவுக்குக் கால் எலும்பு முறிஞ்சுது. நான் சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

"பெரிம்மா, ஜவ்வாது மலையில புதுக் கோயிலாம். சனி ஞாயிறு போய்ட்டு வரலாமா?"ன்னு கேட்டேன்.

என்னக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. வெளிச்சத்துல ஷூவைத் திருப்பிப் பாக்குற பார்வ. "போலாமே கண்ணு"ன்னாங்க.

சனிக்கெழம பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் போனோம். அந்த ஒரு நாள் பெரிம்மாவ நீங்க பாத்திருக்கணும். கொண்ட ஊசி வளைவுல எல்லாரும் வாந்தி எடுக்க, இவங்க ஜன்னல்ல தல நீட்டிக் காத்து வாங்கிக்கிட்டு வர்றாங்க. ஏரியில பெடல் படகு ஓட்டணும்னு அடம். அறுவத்தி மூணு வயசுல பொடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு மிதிக்கிறாங்க, படகு நேராப் போகாம சுத்தியே வருது, சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. "ஸ்டெல்லா இருந்தா பயந்து கத்தியிருப்பா"ன்னு வாய் தவறி வந்துச்சு. நான் உடனே, "பெரிம்மா..."ன்னு ஆரம்பிச்சேன். "பாவம், போய்ட்டா"ன்னு முடிச்சிட்டாங்க. அப்பறம் கடையில சாமைப் பொங்கல் வாங்கிக் குடுத்தாங்க. என் எலையில நெய் பத்தலன்னு கேட்டு வாங்கி ஊத்துனாங்க. லாட்ஜுல ரூம்பு எடுத்துப் படுத்தோம்.

ஞாயித்துக்கெழம காலைல வெங்கடேசன் ஜீப்போட வந்தாரு. அவர யாருன்னு நான் சொல்லல. ஃபோட்டோவுல கூட பெரிம்மா அவரப் பாத்ததில்ல. முன் சீட்டுல ஏறி உக்காந்து சன்னக் குரல்ல ஆரம்பிச்சாங்க.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சிங்கம்மா."

"சம்சாரம் இன்னா பண்ணுது?"

"ஆஸ்பத்திரில நர்சுங்க."

"பொறுமையான பொண்ணா?"

வெங்கடேசன் கண்ணாடியில என்னப் பாத்தாரு. "ரொம்பப் பொறுமைங்கம்மா."

"நல்லா வச்சிக்கோங்க"ன்னு சொல்லிட்டு, பையிலேருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்த உரிச்சு, சொளையா எடுத்து அவர் கையில குடுத்துக்கிட்டே வந்தாங்க. அந்த மனுசன் மொகம் பூரிச்சுப்போச்சு. எனக்கும் தைரியம் வந்துடுச்சு. இன்னிக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்னு நெனச்சேன்.

கோயில் சின்னது. மேல ஷீட்டு, செவுத்துல பெயின்ட் வாசன இன்னும் போகல, மாதா சுரூபத்துக்குச் சுத்துன பிளாஸ்டிக் காகிதத்தக் கூட முழுசாப் பிரிக்கல. நாப்பது பேர் இருக்கும், தரையில பாய் விரிச்சு உக்காந்திருந்தாங்க. பெரிம்மாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாங்க. பையத் தெறந்து ஒரு கவர எடுத்து எங்கிட்ட நீட்டுனாங்க. "இத உபதேசியார் கிட்ட குடுத்துடு கண்ணு. எனக்கு முட்டி வலிக்குது."

பிரிச்சுப் பாத்திருக்கலாம். கவரு ஒட்டக் கூட இல்ல. புதுக் கோயிலுக்கு ஏதோ நல்லெண்ணத்துல எழுதியிருப்பாங்கன்னு, படகுல சிரிச்ச மொகத்த நெனச்சுக்கிட்டே கொண்டுபோயி குடுத்தேன். நான்தான் குடுத்தேன்.

ஸ்டெல்லா பக்கத்து வாசல் வழியா வந்தா. அஞ்சு வருசத்துல கறுத்துட்டா, கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. வயிறு மட்டும் நெறஞ்சு நின்னுச்சு. மைக்கு முன்னாடி வந்து நேரா அவங்கம்மாவப் பாத்தா. பெரிம்மா அவளப் பாத்தாங்க. மொகத்துல ஒரு நரம்பு அசையல. உபதேசியார் சீட்டயெல்லாம் அவ கையில குடுத்தாரு. ஸ்டெல்லா ஒண்ணொண்ணா அழகாப் படிச்சா. மழைக்காக ஒண்ணு, பாம்பு கடிச்சுப் பொழச்ச ஒருத்தருக்கு நன்றின்னு ஒண்ணு. கவரப் பிரிச்சா.

"இறந்த..."ன்னு ஆரம்பிச்சவ நின்னுட்டா. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒரு கை கீழ போயி வயித்தப் பொத்துச்சு, உள்ள இருக்குற புள்ளையோட காதப் பொத்துற மாதிரி. அப்பறம் தல நிமிந்தா. அம்மா சொல்லிக் குடுத்த மாதிரியே ஜனங்களப் பாத்து, நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தி, கணீர்னு படிச்சா.

"இறந்த ஸ்டெல்லா மேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர், தாயார்."

பாயில உக்காந்திருந்த ஒரு பெரியவர் சத்தமாவே கேட்டாரு, "இன்னா நர்சம்மா, உன் பேர நீயே படிக்கிற?" ஃபாதர் சின்னப் பையன் மாதிரி இருப்பாரு, அவரு பதறிப்போயி, "சிஸ்டர், ஏதோ தப்பா எழுதி..."ன்னாரு. "எழுதியிருக்குறதத்தான் படிச்சேன் ஃபாதர்"ன்னு சொல்லிட்டு அவ கீழ எறங்கி வந்துட்டா. பெரிம்மா நெத்தியிலேருந்து மார் வரைக்கும் நிதானமா சிலுவ போட்டுக்கிட்டாங்க. எனக்கு எழுந்து அந்த நாற்காலிய ஒதைக்கணும் போல இருந்துச்சு. பூசை முடியிற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முடிஞ்சதும் ஸ்டெல்லா வாசல்ல போயி நின்னா. அவளத் தாண்டித்தான் வெளிய போகணும். பெரிம்மா கிட்ட வந்து நின்னாங்க.

"நல்லா வாசிக்கிறம்மா"ன்னாங்க. "எத்தன மாசம்?"

ஸ்டெல்லா முந்தானைய இழுத்து வயித்த மூடுனா. "ஏழு."

"மொதல்தா?"

"ரெண்டாவது. மொதல்து தங்கல."

"அடப்பாவமே. ஏழாம் மாசத்துல இப்படி நின்னு படிக்கலாமா? கூடமாட பாத்துக்க அம்மா இல்லையா உனக்கு?"

ஸ்டெல்லா அவங்களையே பாத்தா. அழுவான்னு நெனச்சேன். அவ அழல.

"இல்லீங்க. செத்துட்டாங்க."

பெரிம்மா பொடவத் தலப்ப இழுத்துச் சொருகுனாங்க. "வேண்டிக்கிறேன்மா"ன்னு சொல்லிட்டு ஜீப்ப நோக்கி நடந்தாங்க. வழக்கமா அவங்க நடக்கிற வேகத்த விட கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

ஜீப் கெளம்புனதும் எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "நீங்கல்லாம் ஒரு தாயா? அது உங்க பொண்ணுன்னு தெரிஞ்சு இப்படிப் பேசுனீங்களே? வயித்துப் புள்ளைக்காரிய அவ வாயாலயே அவ சாவப் படிக்க வச்சீங்களே?"

"தெரியாமலா வந்தேன் கண்ணு?" குரல் ஏறவே இல்ல. "உனக்கு ஏது திடீர்னு புதுக் கோயில் பக்தி? நீ கேட்டப்பவே தெரியும். சம்சாரம் நர்சுன்னப்பவே இந்தத் தம்பி யாருன்னும் தெரியும். அவரு ஆரஞ்சு சாப்புடும்போது கொட்டையத் துப்பாம முழுங்குறாரு, அவளுக்கு அது பிடிக்காதே."

வெங்கடேசன் ரோட்டயே பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு மூணு வளைவு எறங்கியிருப்போம். பெரிம்மா கைப்பையோட ஜிப்ப மூடுறதும் தெறக்கிறதுமா இருந்தாங்க. அப்பறம் யாரையும் பாக்காம கேட்டாங்க:

"அவ அம்மா எப்ப செத்தாங்களாம்?"

வெங்கடேசன்தான் சொன்னாரு. கோவமா இல்ல, மரியாதையாத்தான் சொன்னாரு.

"இன்னிக்குத்தாங்க. காலைல, பூசையில."

"ம்"ன்னாங்க. செபமாலைய எடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் ஒரு மணி கூட நகரல, கையில சும்மா வச்சிருந்தாங்க. எறங்கும்போது, "பாத்துப் போங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கப்பறம் ரெண்டு மாசம் நான் எதிர்வூட்டுப் பக்கம் திரும்பல. தண்ணி வந்தா குடத்த எடுத்துக்கிட்டு அவங்க போன பொறவுதான் போவேன். அக்டோபர்ல ஸ்டெல்லாவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. ரெண்டே முக்கா கிலோ, நல்லா அழுதுச்சு. கேட்ட வேகத்துல கோவத்த மறந்து எதிர்வூட்டுக்கு ஓடிப்போயிச் சொன்னேன். பெரிம்மா வாசல்ல உக்காந்து முருங்கக்கீர ஆஞ்சிக்கிட்டு இருந்தாங்க. "யாருக்கு?"ன்னு கேட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.

கல்லறைத் திருநாள் வந்துச்சு. மொத நாளே ஸ்டெல்லா ஃபோன். "நாளைக்கு லிஸ்டுல என் பேரு வருதான்னு கேட்டுச் சொல்லுடி. புள்ள மடியில கெடக்குது, கீழ எறக்கவே மனசு வரல."

அன்னிக்கு லிஸ்ட் ரொம்பப் பெருசு, பங்குல செத்தவங்க எல்லார் பேரும் வரும். கல்லறைத் தோட்டத்துல வெயில்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு பேராக் கேட்டேன். நூறு பேர் போயிருக்கும். ஸ்டெல்லா மேரி வரவே இல்ல. வழக்கமா அவ பேரு வர்ற எடத்துல, அவங்கப்பா பேருக்கு அடுத்து, வேற ஒரு பேரப் படிச்சாரு உபதேசியார். பெரிம்மாவோட பேரு. அதே பேர்ல எங்க பங்குல நாலஞ்சு பொம்பளைங்க செத்திருக்காங்க, அதனால ஒருத்தரும் திரும்பல. நான் மட்டும் திரும்புனேன். பெரிம்மா பெரிய சிலுவைகிட்ட உக்காந்து, காத்துல அணைஞ்ச மெழுகுத்திரியப் பத்த வச்சிக்கிட்டு இருந்தாங்க. உபதேசியார் மைக்குல மிச்சத்தையும் படிச்சாரு.

"வேண்டுபவர், மகள்."

எனக்கு அந்த எடத்துலயே அழுக வந்துடுச்சு. அந்தப் பொம்பள மேல ஆத்திரமா, பாவமான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. வூட்டுக்கு வந்து ஸ்டெல்லாவுக்கு ஃபோன் பண்ணேன். ஒரு ரிங்குல எடுத்தா.

"படிச்சாங்களா?"

"இல்லடி. உன் பேரு வரல."

அந்தப் பக்கம் அவ ஓன்னு அழுதா. "அம்மா விட்டுட்டாங்க ரோசி, எங்கம்மா விட்டுட்டாங்க"ன்னு புள்ளையத் தூக்கி முத்தம் குடுக்குற சத்தம் கேட்டுச்சு. வேற யார் பேரு படிச்சாங்கன்னு அவ கேக்கல. நானும் சொல்லல.